வேண்டாம் என்று பதில் வந்தால்

சென்ற அத்தியாயம் இசையை அனுப்பிவிட்டு எழுந்ததோடு முடிந்தது. அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றி இனிப் பேசவேண்டும். விளம்பரம், குறும்படம், ஓடிடி தொடர் என்று எதற்கு லைசென்ஸ் கொடுக்க நினைத்து இசையை அனுப்பினாலும், வரும் பதில்களில் பெரும்பாலானவை ‘வேண்டாம்’தான். சென்னையில் பெயரெடுத்தவருக்கும் அப்படித்தான். நாகர்கோவில் வடசேரியில் மாடியறையில் கம்ப்யூட்டரும் கீபோர்டும் வைத்து வேலைசெய்கிறவருக்கும் அப்படித்தான். ஆனால் நம் பக்கத்து இசைக்காரர்கள் அந்தச் சொல்லை வேண்டியதற்கு மேலாகவே மனதில் ஏற்றிக்கொள்கிறார்கள். “நமக்கு வேல தெரியாதுன்னு சொல்லிட்டான்லா” என்பார்கள். வந்த மெயிலை வாங்கிப் படித்தால் அதில் அப்படி ஒரு வரியும் இருக்காது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. ரேடியோவிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

நாகர்கோவில் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று தொடங்கியது. உள்ளூர் வானொலி என்ற வகையில் இந்தியாவிலேயே அதுதான் முதல். அங்கே பாடவோ வாசிக்கவோ வேண்டுமென்றால் ஆடிஷனில் தேறவேண்டும். அந்த முறையின் வேர் இன்னும் பழையது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் அதை நாடு முழுக்க ஒரே ஒழுங்கில் கொண்டுவந்தார். பேர்பெற்ற வித்வான்களையும் தேர்வுக்கு வரச்சொன்னதால் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்ப்பு அடங்கியது, முறை நிலைத்துவிட்டது. பி, பி-ஹை, ஏ, டாப் என்ற கிரேடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. கிடைத்த கிரேடு ஆளோடு ஒட்டிக்கொள்ளும். அம்மன் கோயில் கொடை நோட்டீஸில் வில்லிசைப் புலவரின் பெயருக்கு முன்னால் ‘அகில இந்திய வானொலி புகழ்’ என்று அச்சடிப்பார்கள், சம்பளமும் அதற்குத் தக்கபடி ஏறும். தேறாதவர் அதை வெளியில் சொல்லமாட்டார்.

அந்தத் தேர்வு ஆளைத்தான் சோதிக்கிறது. சுருதி நிற்கிறதா, தாளம் பிசகுகிறதா, பாடாந்தரம் சுத்தமா என்றெல்லாம் பார்த்து, ‘நீ இன்ன தரம்’ என்று ஒரு சான்று தருகிறது. அதில் ‘இல்லை’ என்று வந்தால் வருத்தப்படுவதில் நியாயம் உண்டு. லைசென்ஸுக்கு அனுப்பும் இசையை யாரும் இப்படிக் கேட்பதில்லை. நாற்பது வினாடி இடைவெளி ஒன்று அங்கே இருக்கிறது. அதை நிரப்ப ஒரு துண்டு இசை வேண்டும். வாசித்தவர் எவ்வளவு கற்றவர் என்பது அந்த மேசையில் இருக்கிறவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. ஆடிஷன் மனசோடு லைசென்ஸ் பதிலைப் படிப்பதுதான் நம்மவர்களின் பெரும்பாலான வலிக்குக் காரணம். இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதற்குத்தான்.

வடசேரிக்காரருக்கு இதை விளக்குவது எளிது. பரதநாட்டியக் கலைஞர்கள் அணியும் கோயில் நகைகள் இங்கேதான் செய்யப்படுகின்றன, ‘நாகர்கோவில் கோயில் நகை’ என்று புவிசார் குறியீடும் உண்டு. வெளியூருக்கு அனுப்பிய ஒட்டியாணம் இடுப்பளவு சரியில்லை என்று திரும்பி வந்தால், கல் பதித்தவர் தன் தொழிலையே சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதில்லை. அளவு மாற்றுவார், இல்லையென்றால் அடுத்த ஆர்டருக்கு எடுத்துவைப்பார்.

மேசைக்கு அந்தப்புறம்

‘வேண்டாம்’ எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் பாதிச் சூடு தணியும். ஒரு தொடரின் எடிட்டர் காட்சியை வெட்டி ஒட்டும்போதே ஏதாவது ஓர் இசையைத் தற்காலிகமாகப் போட்டுக்கொள்வார். இதற்கு டெம்ப் டிராக் என்று பெயர். இயக்குநரும் தயாரிப்பாளரும் வாரக்கணக்கில் அந்தக் காட்சியை அந்த இசையோடேயே பார்ப்பார்கள். பார்த்துப் பார்த்துக் காது அதற்குப் பழகிவிடும். அதற்குப் பிறகுதான் காட்சிக்கு இசை தேடித்தரும் மியூசிக் சூப்பர்வைசரிடம் “இதுமாதிரி, ஆனா இது இல்லாம, நம்ம பட்ஜெட்டுக்குள்ள” என்று கேட்பார்கள். அவர் பத்துப் பதினைந்து இடங்களில் சொல்லிவைப்பார். நீங்கள் அனுப்பியதை நீங்கள் பார்த்தேயிராத ஒரு டெம்ப் டிராக்கோடு பக்கத்தில் வைத்துக் கேட்பார்கள். போட்டி அதனோடுதான். உங்கள் இசை அதைவிட நன்றாக இருந்தும் ‘சரியாக உட்காரவில்லை’ என்று போய்விடலாம்.

வேறு காரணங்களும் உண்டு, இசையோடு சம்பந்தமே இல்லாதவை. காட்சியையே தூக்கிவிட்டிருப்பார்கள். விளம்பரம் தள்ளிப்போயிருக்கும். தயாரிப்பாளருக்கு ஒரு லேபிளோடு ஏற்கெனவே ஒப்பந்தம் இருக்கும். பழைய பழக்கக்காரர் ஒருவரும் போட்டியில் இருந்திருப்பார். இவற்றில் எதையும் உங்களுக்கு எழுதிச் சொல்லமாட்டார்கள்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி ஒன்று இருக்கிறது. 1962 ஜனவரி 1 அன்று லண்டனில் டெக்கா நிறுவனம் பீட்டில்ஸ் குழுவைப் பாடவைத்துக் கேட்டது, பிறகு வேண்டாம் என்றது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் டெக்காவின் முட்டாள்தனத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நமக்கு வேண்டியது மிச்சக் கதை. டெக்கா எடுத்துக்கொண்ட குழு பிரையன் பூல் அண்ட் தி டிரெமெலோஸ். அவர்கள் லண்டனை ஒட்டிய டேகன்ஹாம்காரர்கள், பீட்டில்ஸோ தூரத்து லிவர்பூல். பக்கத்தில் இருப்பவர்களை வைத்து வேலைசெய்வது சுலபம் என்ற கணக்கும் அதில் இருந்தது. ராத்திரி கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் பிடித்துக் காலையில் எழும்பூரில் இறங்கி ஒரு மீட்டிங்குக்குப் போகிற நமக்கு இது புதிதா என்ன! இன்னொரு விஷயம். பீட்டில்ஸின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் அந்த டெக்கா ஒலிநாடாவைத் தூக்கிப்போடவில்லை. ஆக்ஸ்போர்டு தெருவில் இருந்த எச்எம்வி கடைக்குக் கொண்டுபோய் அதிலிருந்து தட்டுகள் வெட்டினார். அங்கிருந்த ஆட்களின் காதில் விழுந்து, கைமாறிக் கைமாறி, ஈஎம்ஐயின் ஜார்ஜ் மார்ட்டினிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதே பதிவுதான்.

கொள்கையே தடுத்துவிடுவதும் உண்டு. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. கமகம் பேசாத வெளிநாட்டுப் பெட்டி என்பது வாதம். 1971 வரை அந்தத் தடை தளரவில்லை. அத்தனை ஆண்டும் கோயில் மேடையிலும் நாடகக் கொட்டகையிலும் ஆர்மோனியம் வாசித்துப் பிழைத்தவர்கள் பிழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கேஸ்கர் சினிமாப் பாட்டுக்கும் கதவை அடைத்தார். நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பிவிட்டார்கள். நம் கடற்கரைப் பக்கம் கொழும்பு தெளிவாகவே கேட்கும், சொல்லவேண்டியதில்லை. 1957இல் விவித் பாரதி தொடங்கியதும் அதே சினிமாப் பாட்டு அரசு வானொலிக்கே திரும்பி வந்தது. ‘இந்த மாதிரி இசையை நாங்கள் எடுப்பதில்லை’ என்று ஒரு நிறுவனம் எழுதினால் அதோடு வாதாடாதீர்கள். அந்த வரியைத் தேதியோடு குறித்துவைத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள். நாட்டுப்புற வாத்தியம் பழசு என்று ஒதுக்கிய இடங்களே பிறகு பறை வேண்டும், உடுக்கை வேண்டும் என்று தேடியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

பதிலின் வகை

மௌனம்தான் அதிகம் வரும் பதில். இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதி முடித்துவிடுங்கள். மூன்றாம் முறை எழுதுகிறவரின் பெயர் நினைவில் நிற்கும், நீங்கள் விரும்பும் விதத்தில் நிற்காது.

‘தற்போது எங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை’ என்று அச்சு வார்த்தையில் வருவது எல்லோருக்கும் போகும் ஒரே கடிதம். அதில் உள்ளர்த்தம் தேடி ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம்.

‘இது வேண்டாம், வேறு இருந்தால் அனுப்புங்கள்’ என்று வந்தால் அது மறுப்புக் கணக்கிலேயே வராது. மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தொழிலில் யாருக்கும் சும்மா மெயில் வாங்க ஆசை இல்லை. கேட்டால் கேட்டதுதான். ஒரு மாதத்துக்குள் இரண்டு மூன்று டிராக் அனுப்பவேண்டும். கையிருப்பு முழுவதையும் கொட்டக்கூடாது.

‘ஹோல்டு’ என்று ஒன்று உண்டு. பொல்லாதது. “உங்க டிராக்க பிடிச்சு வெச்சிருக்கோம், வேற யாருக்கும் குடுக்காதீங்க” என்பார்கள். எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். எழுத்தில் தேதி வாங்குங்கள். தேதியில்லாத ஹோல்டில் கிடக்கும் பாட்டு வேறு எங்கும் சம்பாதிக்கமுடியாது. கடைசியில் ‘வேறு எடுத்துவிட்டோம்’ என்று வரும்போது, ஆறு மாதம் போனதுதான் மிச்சமாக இருக்கும்.

காரணம் சொல்லி வரும் மறுப்பு அபூர்வம். கிடைத்தால் பொக்கிஷம்.

சொன்னதைக் கேட்பது

எஸ்.பி. பாலசுப்ரமணியம் மேடைகளில் பலமுறை சொன்ன கதை இது. 1966இலேயே தெலுங்கில் பாடத் தொடங்கிவிட்டார். தமிழில் வாய்ப்புத் தேடி எம்.எஸ். விஸ்வநாதனிடம் பாடிக்காட்டியபோது, குரல் நன்றாக இருக்கிறது, தமிழ் உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டு வா என்ற பொருளில் பதில் வந்தது. இதில் கவனிக்கவேண்டியது, குறை ஒன்றே ஒன்று, அதுவும் உழைத்தால் தீரும் குறை. அவர் தமிழைச் சரிசெய்துகொண்டார். பிறகும் முதலில் பாடிய பாட்டு படமே வெளிவராமல் முடங்கியது. 1969இல் ‘சாந்தி நிலையம்’, ‘அடிமைப்பெண்’ வந்தபோதுதான் தமிழ்நாடு அவரைக் கேட்டது. குரலை மாற்று என்று சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருக்கமுடியும்?

ஆகவே கருத்து வந்ததும் முதலில் பிரிக்கவேண்டியது இதைத்தான்: கையால் சரிசெய்யக்கூடியதா, அல்லது அவருடைய ரசனையா. ‘எனக்கு இந்த ராகமே ஒட்டவில்லை’ என்பது ரசனை. ஒருவர் சொன்னால் விட்டுவிடலாம். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் விரல்வைத்தால் அங்கே ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் மருந்து தப்பாக இருக்கலாம், வலிக்கிற இடம் அதுதான்.

நம் பக்கத்து இசைக்கு வழக்கமாக வரும் சில குறிப்புகளை எடுத்துக்கொள்வோம்.

“நாகஸ்வரம் வசனத்தோட மோதுது.” இது இசையைப் பற்றிய தீர்ப்பே இல்லை, ஒலியின் இயற்கை. மனிதப் பேச்சில் சொல் தெளிவாகக் கேட்க உதவும் பகுதி ஏறத்தாழ ஆயிரம் முதல் நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரை. நாகஸ்வரத்தின் வலுவான மேல்சுரங்களும் அங்கேதான் வந்து உட்காருகின்றன. திறந்த வெளியில் தெருக்கோடிவரை கேட்கவேண்டும் என்று உருவான வாத்தியம், வசனத்துக்கு அடியில் அடங்கிக் கிடக்குமா? ஒலியைக் குறைத்தால் உயிர் போய்விடும். தவிலும் ஒத்தும் மட்டும் உள்ள ஒரு பதிப்பு, நாகஸ்வரம் வசனமில்லாத இடத்தில் மட்டும் வரும் ஒரு பதிப்பு என்று இரண்டாகக் கொடுங்கள். வேண்டாம் என்று போன டிராக் இந்த ஒரு மாற்றத்தால் திரும்பி வரும்.

“ஸ்டெம் இருக்கா?” ஸ்டெம் என்றால் வாத்தியம் வாத்தியமாகப் பிரித்த பதிவு. வில்லிசைக் குழுவைப் பதிவுசெய்தவர்கள் மாட்டிக்கொள்ளும் கேள்வி இது. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை, பின்பாட்டு எல்லாவற்றையும் ஒரே மைக்கில், ஒரே மூச்சில் எடுத்திருப்பார்கள். பாட்டைக் கேட்க அதுவே சுகம். எடிட்டருக்குக் குடம் மட்டும் வேண்டும், இல்லை உடுக்கை மட்டும் வேண்டும். வில்லில் கட்டியிருக்கும் மணிகளின் கிலுங்கல் எல்லா மைக்கிலும் புகுந்துவிடும் என்பதையும் முன்னாலேயே யோசிக்கவேண்டும். வாத்தியத்துக்கொரு மைக், முடிந்தால் குடத்தையும் உடுக்கையையும் தனியாக மறுமுறை வாசிக்கவைத்து ஒரு பதிவு. இதற்காகும் கூடுதல் செலவு ஒரு சாயங்கால ஸ்டுடியோ வாடகை. சேர்ந்து வாசித்தால்தான் எங்களுக்குச் சூடு பிடிக்கும் என்று புலவர் சொல்வார், அவர் சொல்வதும் சரிதான். முதலில் சேர்ந்து எடுத்துவிட்டு அதைக் காதில் போட்டுக்கொடுத்துத் தனித்தனியாக எடுங்கள்.

“ஆரம்பிக்கவே நேரமாகுது.” ஆலாபனையில் வளர்ந்த கை மெதுவாகத்தான் உள்ளே நுழையும். கேட்கிறவர் முதல் பத்து வினாடியில் அடுத்ததற்குத் தாவிவிடுகிறார். ஆலாபனையைத் தூக்கவேண்டாம். பிடிப்பான இடத்தில் தொடங்கும் இரண்டு நிமிடப் பதிப்பு ஒன்று, விளம்பரத்துக்கு 30, 15 வினாடிப் பதிப்புகள், முழுப் பதிப்பு தனியே. முடிவு தேய்ந்து மறைவதைவிட ஒரு தட்டில் முடிந்தால் எடிட்டர்களுக்குப் பிடிக்கும், வெட்ட வசதி.

“மிக்ஸ் காதைக் குத்துது.” கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று குழாய் ஸ்பீக்கரில் வளர்ந்த காது நம்முடையது. நடு ஒலியைத் தூக்கிவிட்டால்தான் நமக்கு இசை கேட்டதுபோல இருக்கும். மிக மெல்லிய சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். அப்போதும் உடுக்கை ஒன்றே முன்னால் நின்றால் சொன்னவர் சரி. மாஸ்டரிங்கில் ஒலியைச் சுவர்போல உயர்த்தி நிறுத்தவும் வேண்டாம். அங்கே எப்படியும் குறைக்கத்தான் போகிறார்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக, கொஞ்சம் மூச்சுவிட இடம் வைத்துக் கொடுங்கள்.

“ரொம்ப லோக்கலா இருக்கு.” இதற்குத்தான் நம்மவர்கள் மிகவும் துடித்துப்போவார்கள். துடித்துப்போய்ச் செய்வது என்னவென்றால், உடுக்கையை எடுத்துவிட்டு ஒரு பியானோவை வைப்பார்கள். பியானோ வாசிக்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. குடத்தின் வாயில் மட்டையால் அடித்து அந்த ஆழமான ஒலியை எடுக்க எத்தனை ஊரில் ஆள் இருக்கிறது? அந்தக் காட்சிக்கு லோக்கல் என்பதுதான் அந்த வரியின் பொருள். அதை அப்படியே வைத்து, தென்மாவட்டக் கதை எடுக்கும் இடங்களைத் தேடி அனுப்புங்கள்.

உரிமைச் சிக்கலில் வரும் ‘இல்லை’

காசு கொடுக்கத் தயாராக இருந்தும் வேண்டாம் என்று சொல்லவைப்பது உரிமைச் சிக்கல். வருத்தப்படவேண்டிய மறுப்பு இது ஒன்றுதான், ஏனென்றால் இதை முழுவதும் நாமே தடுத்திருக்கலாம்.

ஒரு பதிவில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் பாட்டும் ஒன்று, பதிவுசெய்த ஒலி இன்னொன்று. வாங்குகிறவருக்கு இரண்டுக்கும் அனுமதி வேண்டும். நையாண்டி மேளத்தில் சினிமாப் பாட்டு வாசித்ததை அருமையாகப் பதிவுசெய்து வைத்திருப்பீர்கள். ஒலிப்பதிவு உங்களுடையது, மெட்டு உங்களுடையது இல்லை. அதை லைசென்ஸ் கொடுக்க உங்களால் முடியாது. வாய்வழி வந்த கதைப்பாட்டின் பழைய மெட்டில் அந்தத் தடை இல்லை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்த படைப்பிலும் இல்லை. நாஞ்சில் நாட்டில் வாழ்ந்து 1900இல் மறைந்த நீலகண்ட சிவனின் கீர்த்தனையை நீங்கள் தாராளமாக வாசித்துப் பதிவுசெய்யலாம். இன்னொருவர் பாடிய பதிவை எடுத்தாளத்தான் கூடாது.

வாசித்தவர்களின் ஒப்புதல் அடுத்தது. தவில்காரர் அண்ணாச்சி வந்தார், வாசித்தார், காப்பி குடித்தார், சம்பளம் வாங்கிக்கொண்டு போனார். கையெழுத்து? “நமக்குள்ள என்னடே கையெழுத்து” என்று அவரே சொல்லியிருப்பார். சூப்பர்வைசர் அந்தக் காகிதத்தைக் கேட்கும்போது அவர் ஏதோ ஊரில் திருவிழாவில் இருப்பார், போன் எடுக்கமாட்டார், வாய்ப்பு வேறு ஒருவருக்குப் போய்விடும். பதிவு நடக்கிற அன்றைக்கே ஒரு பக்கக் காகிதத்தில் யார் என்ன வாசித்தார், என்ன சம்பளம், மெட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். வாசித்தவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு என்பதை அவருக்கே எடுத்துச் சொல்லிவிட்டு வாங்குவது மரியாதை.

சாஃப்ட்வேரோடு வந்த லூப்பை வைத்து இசையமைத்திருந்தால் அதையும் அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள். அதே லூப் வேறு பாட்டிலும் இருக்கும். அந்தப் பாட்டை யாராவது யூடியூப்பின் கன்டென்ட் ஐடியில் பதிந்துவைத்து வாடிக்கையாளரின் விளம்பரத்துக்கே உரிமைக்கோரல் போய் விழுந்தால், அவர் அடுத்த முறை உங்கள் மெயிலைத் திறக்கமாட்டார்.

பதில் வந்த அன்று

அன்றைக்கே பதில் எழுதவேண்டாம். மறுநாள் எழுதுங்கள், நாலு வரி போதும். இந்த மாதிரி:

“வணக்கம். நேரம் ஒதுக்கிக் கேட்டதற்கு நன்றி. இதே டிராக்கின் வாத்தியப் பதிப்பும் ஸ்டெம்களும் தயாராக இருக்கின்றன. உரிமை முழுவதும் என் கையில்தான். வில்லிசை வாத்தியங்களை வைத்துப் புதிதாகப் பதிவுசெய்தவை அடுத்த மாதம் முடியும், அவற்றை அனுப்பலாமா?”

ஏன் வேண்டாம் என்று கேட்காதீர்கள். விளக்கம் சொல்லவேண்டிய கடன் அவர்களுக்கு இல்லை. மனம் வந்தால் அவர்களே சொல்வார்கள். வாட்ஸ்அப் குழுவில் புலம்பவும் வேண்டாம். சென்னையில் போஸ்ட் புரொடக்‌ஷன் வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஸ்கிரீன்ஷாட் உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். காசு கட்டினால் கேட்டுக் கருத்துச் சொல்கிறோம் என்று வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர்களில் நேர்மையானவர்களும் உண்டு. ஆனால் கருத்துச் சொல்வதே அவர்கள் வியாபாரம், இசையை வாங்குவது இல்லை. அடுத்த தடவையும் நீங்கள் காசு கட்டும்படியாகத்தான் அந்தக் கருத்து இருக்கும்.

ஊர்க்காரர்களின் கேள்வியைச் சமாளிப்பது வேறு கலை. வடசேரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் “என்ன மக்களே, பாட்டு எப்பம் டிவில வரும்?” என்று கேட்பார்கள். அனுப்பியதையே சொல்லாமல் இருப்பது நல்லது. கையெழுத்தாகிப் பணம் வந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு நோட்டு வையுங்கள். கம்ப்யூட்டரிலோ காகிதத்திலோ, உங்கள் வசதி. எந்த டிராக், எந்தப் பதிப்பு, யாருக்கு, எந்தத் தேதி, என்ன பதில். பதிலை உங்கள் சொல்லில் சுருக்காமல் அவர்கள் எழுதிய சொல்லிலேயே எழுதிவையுங்கள். நாம் சுருக்கினால் அது வசவாக மாறிவிடுகிறது. ‘இந்தக் காட்சிக்கு வேகம் போதாது’ என்பது நம் நோட்டில் ‘வேகம் இல்லை’ என்று ஏறி, சில மாதத்தில் ‘எனக்கு வேகமான பாட்டு போடத் தெரியாது’ என்று ஆகிவிடும். மாதம் ஒருமுறை புரட்டினால் போதும். ஒரே டிராக்குக்கு ‘நன்றாக இருக்கிறது, ஆனால் இப்போது இடமில்லை’ என்று மூன்று இடத்திலிருந்து வந்திருந்தால், அதை மாற்றாமல் தொடர்ந்து அனுப்பவேண்டும்.

எடுத்துக்கொண்டு பூட்டிவைத்தால்

மறுப்பு என்று யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரு மியூசிக் லைப்ரரி உங்கள் இசையை எடுத்துக்கொள்கிறது. எங்களைத் தவிர யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று ஒப்பந்தம். சந்தோஷமாகக் கையெழுத்திடுகிறீர்கள். பிறகு ஒன்றும் நடப்பதில்லை. ஆண்டு போகிறது, டிராக் அவர்கள் சர்வரில் தூங்குகிறது. நேராக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வேறு நாலு இடம் போயிருக்கும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. உரிமையை எழுதிக்கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வாங்கியவர் அதைப் பயன்படுத்தவில்லையென்றால் அந்த ஒப்படைப்பு காலாவதியானதாகக் கருதப்படும் என்கிறது 19ஆம் பிரிவு. ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி’ என்று ஒரு வாலும் அதற்கு உண்டு. நிறுவனங்களின் வக்கீல்கள் பெரும்பாலும் அந்த வாலைப் பிடித்து வேறுவிதமாகத்தான் எழுதியிருப்பார்கள். அதனால் கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடுங்கள். இருந்தால், குறைந்தது இரண்டு ஆண்டில் எந்த லைசென்ஸும் ஆகவில்லையென்றால் உரிமை திரும்பும் என்று மாற்றித்தரக் கேளுங்கள். காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கானது, எல்லை குறிப்பிடாதது இந்தியாவுக்கு மட்டுமானது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் சேர்ந்த இசை தியேட்டருக்கு வெளியே வேறு வழியில் பயன்படும்போது ராயல்டியில் சம பங்கு இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உண்டு, அதை எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. அந்தப் பங்கை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராக நாகர்கோவிலிலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

ஏற்கெனவே கையெழுத்திட்டு டிராக் முடங்கிக் கிடக்கிறதென்றால், ஒப்பந்தத்தின் நகலை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஓராண்டு கடந்து, காலாவதியைத் தடுக்கும் வரி எதுவும் அதில் இல்லையென்றால் இப்படி எழுதுங்கள்: இன்ன தேதியிட்ட ஒப்பந்தப்படி தங்களிடம் ஒப்படைத்த இன்ன டிராக்குகளில் எவையெல்லாம் பயன்படுத்தப்பட்டுள்ளன என்ற விவரத்தை 30 நாளுக்குள் தரவும், பயன்படுத்தப்படாதவற்றின் உரிமை பிரிவு 19(4)இன்படி என்னிடம் திரும்பிவிட்டதைக் கடிதம் மூலம் உறுதிசெய்யவும். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்டிலும் போட்டு, ஒப்புகைச் சீட்டை ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பின் அடித்து வைத்துக்கொள்ளுங்கள்.